பெத்லகேமுக்குப் போன பூனை மண்

கல்யாணமாகி ராயபுரம் வந்த புதிதில் என் மாமனார் என்னோடு பேசமாட்டார். எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் கூடத்து ஃபேனிடம் சொல்வார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி தலையை நிமிர்த்தி, மேலே சுற்றுவதைப் பார்த்து, "காப்பில சீனி கூடிப்போச்சுன்னு சொல்லு" என்பார். காப்பி போட்டவள் எதிரிலேயே நின்றுகொண்டிருப்பேன். ஃபேன் பாவம், என்ன செய்யும், சுற்றும். மாமியார் பக்கத்தில் இருந்தால் செய்தியை வாங்கி என்னிடம் சேர்ப்பார். இல்லாவிட்டால் நானே நேரடியாக ஃபேனிடமிருந்து எடுத்துக்கொள்வேன்.

அவர் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, வீட்டு முகப்பிலேயே மளிகைக் கடை வைத்து, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை கண்டு வளர்ந்த குடும்பம். ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளை காலடிப்பேட்டையிலிருந்து சாமியும் வேறு, சாதியும் வேறு, பேச்சும் வேறு என்று ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றால், எந்த அப்பாவும் ஆரத்தித் தட்டைத் தேடி ஓட மாட்டார். போதாக்குறைக்கு என் வேலை. நான் வேதியியல் படித்தவள். திருவொற்றியூரில் தாதுப்பொடிகள் வாங்கி விற்கும் கிடங்கு ஒன்றில் சோதனைக்கூடம் என் பொறுப்பு. அவர் கணக்கில் அது "மண்ணு அள்ளுத கம்பெனி". ஆகவே நான் "அவ". மனசு கொஞ்சம் நன்றாக இருக்கும் நாளில் "மண்ணுக்காரி".

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே ஒரு தடவை அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். என் அப்பா வைத்த பெயர் அது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு எங்கள் வீட்டில் அதை முழுசாகச் சொல்ல ஆளில்லை. அம்மாவுக்கு நான் "பாப்பா", என் வீட்டுக்காரருக்கு நான் "இந்தா". வயதான ஆண்குரலில் அந்தப் பெயரைக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லாமல் வைத்திருந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை என்பது பொய். ஃபேனிடம் சொன்னேன். அந்த வீட்டில் ஃபேனோடு பேசுவது வழக்கம்தானே, மருமகள் வழக்கத்தை மீறக் கூடாது. மாமனாருக்கு ஒரு காது மந்தம் என்று அத்தை சொல்லியிருந்தார். அந்தத் தைரியத்தில், அவர் பேப்பருக்குப் பின்னால் இருக்கும்போதே கூடத்தைப் பெருக்கிக்கொண்டு, "இன்னா ஃபேனு, இந்தக் கல்லுமூஞ்சி என்னிக்குத்தான் சிரிக்கும்?" என்று கேட்பேன். பேப்பர் அசையாது. இன்னொரு நாள் மனசு சரியில்லை. "பேர சொல்லி ஒரு தபா கூப்ட்டா இன்னா கொறஞ்சிடப் போவுது? எங்கப்பா வச்ச பேரு. நல்ல பேருதான்" என்றேன். அன்றும் பேப்பர் அசையவில்லை.

இனி மண்ணுக்கு வருகிறேன். மண்ணுக்காரி மண்ணைப் பற்றிப் பேசாவிட்டால் எப்படி.

எங்கள் கிடங்கில் பல பொடிகள் உண்டு. அதில் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று வெள்ளை வெளேரென்ற சைனா கிளே. கருங்கல்லுக்குள் இருக்கும் ஒரு தாது வெயிலிலும் மழையிலும் யுகக்கணக்கில் மக்கி மக்கி இப்படி மாவாகிவிடுகிறது. கல்யாணப் பத்திரிகை பளபளப்பதும், டீக்குடிக்கிற பீங்கான் கோப்பை வெளுப்பாக இருப்பதும் இதனால்தான். பெயிண்டில் இருக்கும், சில பற்பசையில் இருக்கும். அடக்கமான மண். தண்ணீரில் போட்டால் கரைந்து பாலாகும், காய்ந்தால் மறுபடி பழைய மண்ணாகும், யாருக்கும் தொந்தரவு கிடையாது.

இன்னொன்று பெண்டோனைட். இது எரிமலை வீட்டுப் பிள்ளை. எரிமலை கக்கிய சாம்பலும் குழம்பும் தண்ணீரில் ஊறிக் கிடந்து, காலப்போக்கில் களிமண்ணாகியிருக்கிறது. எங்களுக்கு குஜராத்தின் கட்ச் பக்கத்திலிருந்து வரும். நகத்தால் கீறினால் வழுவழுவென்று சுரண்டிக்கொண்டு வரும், அவ்வளவு மெத்து. இரண்டு மண்ணுக்கும் உள்ளே இருக்கும் சரக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான்: அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன். அவை மெல்லிய தகடுகளாக, பரோட்டா மாதிரி, அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கும். சைனா கிளேயின் அடுக்குகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதால் தண்ணீர் உள்ளே நுழைய முடியாது. பெண்டோனைட்டின் பிடி தளர்ந்தது. அடுக்குகளுக்கு நடுவில் சோடியம் குடியிருந்தால் இன்னும் மோசம், தண்ணீரை வா வா என்று உள்ளே அழைத்துக்கொள்ளும். உள்ளே போன தண்ணீர் அடுக்குகளைத் தள்ளித் தள்ளி, மண் பல மடங்கு உப்பி, கொழகொழவென்று கூழாகிவிடும். கண்ணாடி ஜாடித் தண்ணீரில் சிட்டிகை சிட்டிகையாகத் தூவி, எவ்வளவு உப்புகிறது என்று அளப்பதுதான் என் வேலையில் பாதி. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது வேடிக்கைதான்.

மெட்ரோவுக்குத் தூண் போட ஆழக் குழி எடுக்கும்போது பக்கத்து மண் சரியாமல் பிடித்துக்கொள்வது இந்தக் கூழ்தான். இரும்பு வார்க்கிற இடத்தில் அச்சு மணலைச் சேர்த்துப் பிடிக்க இது வேண்டும். கரண்டுக்கு எர்த் குழி போடுகிறவர்கள் மூட்டை மூட்டையாக வாங்குவார்கள். திராட்சை ரசத்தைத் தெளிய வைக்கவும் இதைப் போடுவார்கள் என்று சொன்ன அன்று, கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே ஒயின் போடுகிற அத்தை என்னைப் பார்த்த பார்வையில் முதன்முதலாக மரியாதை தெரிந்தது.

அதே மண்ணைக் குருணையாக உருட்டினால் அருமையான பூனை மண். அத்தைக்கு ஒரு பூனை உண்டு, சாம்பல் நிறம், மகாராணி நினைப்பு. எங்கள் சந்தில் சிமெண்டைத் தவிர ஒரு பிடி மண் கிடையாது. பூனை எங்கே போகும்? கடையில் பருப்பு மூட்டை மேல் போனது. வீட்டில் பெரிய ரகளை. அதற்குப் பிறகு நான் கிடங்கில் கேட்டு, கிழிந்த மூட்டையில் மிச்சமிருந்த பெண்டோனைட் குருணையைக் கொண்டுவந்து, ஒரு தொட்டியில் கொட்டிப் பின்கட்டில் வைத்தேன். பூனை ஒரே நாளில் பழகிக்கொண்டது. ஈரம் பட்ட இடம் உருண்டையாகக் கட்டிக்கொள்ளும், அள்ளி எறிந்துவிடலாம். மீதி மூட்டை பின்கட்டு மூலையில் உயரமான திண்டின் மேல் இருந்தது.

டிசம்பர் வந்தது. எங்கள் பக்கத்தில் டிசம்பர் என்றால் இரண்டு விஷயம்: தண்ணீர், கிறிஸ்துமஸ் குடில். அந்த வருஷமும் தெருவில் முட்டியளவு தண்ணீர் வந்து, நின்று, நாறி, வடிந்தது. வடிந்த மறுநாளே என் மாமனார் கடை முகப்பில் தகரக் கூரைக்கு அடியில் இருந்த மூட்டைகளை உள்ளே தள்ளிவிட்டு, குடில் வேலையில் இறங்கிவிட்டார். வீடு வீடாகக் குடில் பார்த்துப் பரிசு கொடுக்கும் வழக்கம் எங்கள் பங்குக் கோயிலில் உண்டு. அவருக்கு அதுவரை பரிசு கிடைத்ததில்லை. எடை போடும்போது ஒரு கிராம் ஏமாற்றாத மனுஷர், பரிசு மட்டும் வருஷா வருஷம் தன்னை ஏமாற்றுகிறது என்று நினைத்தார்.

மலைக்குச் சாக்குத்துணியை வெள்ளை மண் கரைசலில் முக்கி, சரக்குப் பெட்டிகள் மேல் போர்த்திக் காயவிடுவார். காய்ந்தால் அசல் மலை மாதிரி மடிப்பு மடிப்பாக நிற்கும். "இந்தத் தடவ நல்ல வெள்ள மண்ணு கெடச்சா நல்லாருக்கும்" என்று ஃபேனிடம் சொன்னார். எனக்குக் காலே தரையில் படவில்லை. மறுநாளே முதல் தரம் சைனா கிளே கொண்டுவந்து பின்கட்டில் வைத்தேன். மலை பிரமாதமாக வந்தது. மலையிலிருந்து ஓர் அருவியும் வைத்தார். பின்னால் ஒரு டிரம், அதற்குள் மீன்தொட்டி மோட்டார், அதிலிருந்து ஒரு டியூப் மலை மேல் ஏறும், விழுகிற தண்ணீர் மறுபடி டிரம்முக்கே வந்துவிடும். அவர் கைவேலைக்காரர்தான், அதில் குறை சொல்ல முடியாது.

வம்பு பாலைவனத்தில் வந்தது. குழந்தை ஏசுவைப் பார்க்க ராஜாக்கள் வருகிற வழிக்கு மணல் போட வேண்டும். வைத்திருந்த மணலை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. பின்கட்டுக்குப் போனவர் கண்ணில் பூனை மண் மூட்டை பட்டது. பழுப்பு வெள்ளையில் கரகரவென்று, பாலைவனம் என்றால் அதுதான் பாலைவனம். மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

நான் அடுப்படியிலிருந்து பார்த்தேன். குறுக்கே போய், "அது வேணாம் மாமா" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் அவர் என்னோடு பேசாதபோது நான் மட்டும் போய்ப் பேசுவதா? எனக்கும் ரோஷம் உண்டு. கூடத்துக்கு ஓடி, அண்ணாந்து, சந்துக்கே கேட்கிற குரலில், "ஃபேனு! மாமா எடுத்துக்கினு போறது பூனை மண்ணு. தண்ணி பட்டா உப்பிக்கினு வரும். வேணாம்னு சொல்லு!" என்றேன். வாசற்படியில் அவர் கால் ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது. அப்புறம் நடந்துவிட்டார். சரி, மந்தக் காதுப் பக்கம் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, இனி பெத்லகேம் பாடு.

இருபத்துநாலாம் தேதி குடில் தயார். மெத்தென்ற மணலில் மூன்று ராஜாக்கள், ஒட்டகம், இடையர்கள், ஆடுகள். தெர்மகோலில் செய்த தொழுவம், அதற்குள் வைக்கோல், மாடு, கழுதை, மாதா, சூசையப்பர், தீவனத் தொட்டியில் குழந்தை. பார்க்கவே நிறைவாக இருந்தது. எல்லோரும் பூசைக்குப் போய் வந்து அசந்து தூங்கிவிட்டோம்.

காலையில் ஷட்டரைத் தூக்கிய அத்தை, "ஏசுவே!" என்று போட்ட கூச்சலில் நானும் என் வீட்டுக்காரரும் ஓடினோம்.

பாலைவனம் முழுக்கப் பூனையின் கால் தடம். தனக்கென்று இவ்வளவு பெரிய தொட்டி கட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்று மகாராணி மகிழ்ந்து, ஆசை தீரப் பறண்டியிருக்கிறாள். பறண்டியதில் டியூப் பிடுங்கிக்கொண்டு, மோட்டார் டிரம் தண்ணீர் அத்தனையையும் மணலில் கொட்டியிருக்கிறது. மண் தன் குணத்தைக் காட்டிவிட்டது. சாம்பல் நிறத்தில், பளபளவென்று, பலகையின் விளிம்பு வரை உப்பி நிற்கிறது கூழ். ராஜாக்கள் இடுப்பு வரை உள்ளே. ஒருவர் பொன் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தவர் மாதிரி சாய்ந்து நிற்கிறார். ஆடுகளுக்குக் காது மட்டும் வெளியே. ஒட்டகத்தைக் காணவே காணோம். தெர்மகோல் தொழுவம் மட்டும் லேசானது என்பதால் மிதந்து எழுந்து, எல்லாருக்கும் மேலே நிற்கிறது. உள்ளே குழந்தை ஒரு சொட்டு ஈரம் படாமல் சிரிக்கிறது. பக்கத்தில் வைக்கோலில், மாட்டுக்கும் கழுதைக்கும் நடுவில், பூனை சுருண்டு தூங்குகிறது.

எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு மாமனார் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. வருஷம் முழுக்கக் காத்திருந்த மனுஷர். என்மேல் திட்டு விழுந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

சரி செய்ய நேரமில்லை. குடில் பார்க்கிறவர்கள் வந்துவிட்டார்கள். பங்கு இளைஞர்கள் நாலு பேர், ஒரு சிஸ்டர், காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிற அக்கா ஒருவர். வந்தார்கள், நின்றார்கள், பார்த்தார்கள். சிஸ்டர் மெதுவாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

அந்த அக்காதான் முதலில் சிரித்தார். "ஐயே! இன்னா சிஸ்டர் இப்டி பாக்குற? இது நம்ம தெருவு! டிசம்பர் வந்தா எங்க வூடு இப்டித்தான் கீது. ராஜாவா இருந்தா இன்னா, கூஜாவா இருந்தா இன்னா, இடுப்பளவு சேறுதான். கொயந்தைய பாரு, போட்ல குந்திகினு வருது!"

பையன்கள் குனிந்து பார்த்தார்கள். "அட, ஆமா" என்றான் ஒருவன். அடுத்த நிமிஷம் எல்லோரும் கைபேசியை எடுத்துவிட்டார்கள். வெள்ளத்தில் படகு வராத தெருவுக்கு ஆண்டவர் வருகிறார் என்று ஒருவன் சொல்ல, சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பூனைகூட மேல ஏறி உக்காந்திருக்கு பாருங்க, வெள்ளத்துல அப்படித்தான உக்காரும்" என்றார். பிறகு மாமனாரிடம் திரும்பி, "ரொம்ப நல்ல யோசனைங்க. உங்களுக்கா தோணிச்சு?" என்று கேட்டார்.

மாமனாருக்குப் பொய் தொண்டையில் சிக்கும். உண்மையைச் சொல்லவும் வழியில்லை. வழக்கப்படி நிமிர்ந்து மேலே பார்த்தார். அங்கே ஃபேன் இல்லை. தகரக் கூரையில் ஓர் ஒட்டடை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அவர் கண் கூரையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை தேடியதை நான் பார்த்தேன். பிறகு வேறு வழியில்லாமல் என் பக்கம் திரும்பினார்.

"மண்ணு எம் மருமவ கொண்டாந்தது. அவகிட்டயே கேளுங்க" என்றார்.

மருமகள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. எரிமலையிலிருந்து ஆரம்பித்து, கட்ச் வழியாக, பரோட்டா அடுக்கில் தண்ணீர் புகுந்த கதை வரை மூச்சுவிடாமல் சொன்னேன். சாதாரணமாக இது எதற்குப் பயன்படும் என்று சிஸ்டர் கேட்டார். மெட்ரோ, வார்ப்பட அச்சு, எர்த் குழி, திராட்சை ரசம் எல்லாம் சொல்லி, "இன்னும் சில வூட்டு உபயோகமும் கீது சிஸ்டர்" என்று முடித்தேன். பூனை எழுந்து சோம்பல் முறித்தது. மாமனார் அவசரமாக அத்தையைக் கூப்பிட்டு எல்லோருக்கும் கேக் கொடுக்கச் சொன்னார்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. தரை துடைக்கிற வாளியும் மாப்பும். கொடுத்தவர்கள் தெரிந்துதான் கொடுத்தார்களோ என்னவோ.

அன்று மாலையே வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு சேற்றைக் கழுவ வந்தார் மாமனார். நான் ஃபேனை மறந்துவிட்டேன். "மாமா! தண்ணி ஊத்தாதீங்க, இன்னும் உப்பும்!" என்று நேராக அவரிடமே கத்தினேன். வாளியைக் கீழே வைத்துவிட்டார். காயட்டும், சுருங்கும், வெடிக்கும், அப்புறம் சுரண்டலாம் என்றேன். தலையை மட்டும் ஆட்டினார்.

ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாள் அன்று குடிலைப் பிரித்தோம். மண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. மத்தியான நேரம், கரண்டு இல்லை. அவர் ஓர் உளி, நான் ஒரு கரண்டி, எதிரெதிரே குந்தி உட்கார்ந்து ராஜாக்களைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது ராஜாவின் கிரீடம் தெரிந்தபோது, தலையை நிமிர்த்தாமலே, "அன்னைக்கு நீ சொன்னது கேட்டுது" என்றார்.

"எது மாமா?"

"பூன மண்ணு, உப்பிரும்னு சொன்னேல்லா. கேட்டுது, நின்னேன். திரும்பி என்னன்னு கேட்டா பேசுன மாதிரி ஆயிரும்லா. அதான் போயிட்டேன்."

"இல்ல மாமா, உங்களுக்கு ஒரு காது..."

"அது ஒங்க அத்த பேச்சுக்குத் தப்பிக்கச் சொன்னது. ரெண்டும் நல்லா கேக்கும்."

கூடத்தைப் பெருக்கிக்கொண்டு நான் ஃபேனிடம் சொன்னதெல்லாம் வரிசையாக மனசில் ஓடியது. ஒன்றாவது நல்லதாக இருக்கக் கூடாதா என்று தேடினேன்.

"கல்லுமூஞ்சியும் கேட்டுது" என்றார்.

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது. வெடித்த பாளம் எதுவும் அவ்வளவு பெரிதாக இல்லை. அவர் ராஜாவைப் பிடுங்கி எடுத்து, வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துப் பக்கத்தில் நிறுத்தினார்.

"அதுக்குப் பொறவு ஒரு நா, ஒங்கப்பா வச்ச பேருன்னு சொன்னியே, அதும் கேட்டுது" என்றார்.

உளியைக் கீழே வைத்தார். பிறகு அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். முழுப் பெயரையும், ஓர் எழுத்தைக்கூட விழுங்காமல், என் முகத்தைப் பார்த்து.

"இன்னா மாமா?" என்றேன்.

"ஒட்டகத்த எங்க?" என்றார்.

அது இன்னும் உள்ளேயேதான் இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து தோண்டினோம்.